கல்யாணத்துக்கு வந்த குன்னூர் ரோஜா

வரலட்சுமி இறந்து மூன்று வருஷம் ஆனபிறகு, அவள் புருஷன் ராமுலுவுக்கு மறுகல்யாணம் நிச்சயமாயிற்று. அந்தக் கல்யாணத்துக்குப் பூ ஏற்பாடு முழுவதையும் செய்து தரும்படி வரலட்சுமியின் தங்கை ராமாமணியிடமே வந்து கேட்டார்கள்.

கேட்க வந்தவள் ராமுலுவின் தாயார் வெங்கம்மாள். அவிநாசி ரோட்டில் பஞ்சாலையும் பங்களாவும் உள்ள குடும்பம் அது. ராமாமணியின் அப்பா சென்னப்ப நாயுடு ஒரு ஜின்னிங் பாக்டரியில் மானேஜர். இரண்டு வீட்டிலும் உள்ளே தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். பேசும்போது இரண்டும் கலந்து வரும்.

ராமாமணிக்குச் சிறு வயதில் மூச்சிரைப்பு இருந்தது. மலைக்காற்று நல்லதென்று டாக்டர் சொன்னதால், குன்னூரில் தேயிலை எஸ்டேட் ஒன்றில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்த மாமா வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே கான்வென்டில் படித்தாள். சனிக்கிழமை தோறும் கன்னியாஸ்திரீகள் மறுநாள் பூசைக்காக மாதா கோயிலில் பூ வைப்பார்கள். மூச்சிரைப்புக்காரப் பெண் ஓடி விளையாடக் கூடாது என்று அவளையும் அந்த வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். செண்டு கட்டவும், ஜாடியில் பூ நிறுத்தவும், துரைமார் கல்யாணம் நடந்தால் கோட்டில் குத்தும் பூச் செய்யவும் அப்படித்தான் பழகினாள். இப்போது கோயமுத்தூரில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சர்.

ராமுலு மான்செஸ்டரில் இரண்டு வருஷம் நூற்பு மெஷின் வேலை கற்று வந்தவன். முகூர்த்தம் நம் முறைப்படி கருமத்தம்பட்டியில் பெண் வீட்டில் நடக்கட்டும், மாலையில் பங்களாத் தோட்டத்தில் ஒரு டீ பார்ட்டி இருக்க வேண்டும் என்றான். கலெக்டர் வருவார், மெஷின் கம்பெனித் துரைகள் பெண்சாதிகளோடு வருவார்கள். மேஜைகளில் பூ, பெண்ணின் கையில் செண்டு, ஆண்கள் ஒவ்வொருவர் கோட்டிலும் ஒரு பட்டன்ஹோல் பூ. எல்லாம் ஒரே நிறத்தில், பீச் கலர் ரோஜாவில் இருக்க வேண்டும். பீச் என்றால் என்ன நிறம் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. ராமாமணிக்குத் தெரியும் என்று அவனேதான் சொன்னானாம்.

வெங்கம்மாள் இதையெல்லாம் சொல்லிவிட்டு, கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்த பங்காருவைப் பார்த்தாள். வரலட்சுமி விட்டுப்போன ஒரே குழந்தை அது. தாய் போனபோது ஒன்றரை வயது. அன்றிலிருந்து ராமாமணியிடம்தான் வளர்கிறது. சித்தியை 'பின்னி, பின்னி' என்று கூப்பிட்டுக்கொண்டு அவள் முந்தானையைப் பிடித்தே நடக்கும். புதுப்பெண் வந்தபிறகு குழந்தையைப் பங்களாவுக்கு அழைத்துக்கொள்வதாகப் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பேச்சைக் கேட்ட நாளிலிருந்து ராமாமணிக்குச் சோறு இறங்கவில்லை.

"பூவ மட்டும் நீ பாத்துக் குடுத்துரு, அம்மணி. கொழந்த இப்போதைக்கு உங்கிட்டயே இருக்கட்டும். பள்ளிக்கொடம் சேக்கற வரைக்கும் நாங்க கேக்க மாட்டோம்," என்றாள் வெங்கம்மாள்.

ராமாமணி சரியென்றாள். வெங்கம்மாள் போனபிறகு, உனக்குப் பிரியமில்லையென்றால் போக வேண்டாம், நான் சொல்லிக்கொள்கிறேன் என்றார் அப்பா. பரவாயில்லை, செய்து கொடுக்கிறேன் என்றாள் அவள்.

அப்பா அவளுக்காக ஒரு தடவை அந்த வீட்டோடு முகம் கோணியிருக்கிறார். வரலட்சுமி இறந்து ஒரு வருஷம் முடிந்ததும், தங்கையையே ராமுலுவுக்குக் கொடுங்கள் என்று கேட்டார்கள். ஊரில் நடக்கிற வழக்கம்தான். குழந்தைக்கும் அதுதான் நல்லது என்று சொல்லாதவர் இல்லை. ராமாமணி மாட்டேன் என்றாள். ராமுலுவே ஒருநாள் வந்து உட்கார்ந்தான். அவன் முகத்தைப் பார்த்தே அவள் அதைச் சொன்னாள். அவன் தலையை அசைத்தான். கொண்டுவந்து வைத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். ஏன் என்று கேட்கவில்லை. அவனுக்குத் தெரியும் என்றே ராமாமணி நினைத்தாள்.

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் பங்காருவையும் கூட்டிக்கொண்டு அவள் குன்னூர் போனாள். பங்களாக்களுக்குக் காய்கறியும் பூவும் சப்ளை செய்யும் அப்துல் வஹீது அவளுக்குப் பழக்கமானவர். அவர் ஒரு பழைய எஸ்டேட் தோட்டத்துக்கு அழைத்துப்போய்க் காட்டினார். வேலி ஓரமெல்லாம் அந்த ரோஜாதான். வெளியிதழ் பாலாடை மாதிரி வெளுத்து, உள்ளே போகப்போக மஞ்சளும் சிவப்பும் குழைந்து, பழுக்கத் தொடங்கின பீச் பழத்தின் கன்னம் போல இருந்தது. கல்யாணத்துக்கு முதல்நாள் விடியற்காலையில் பாதி விரிந்த பூவாக வெட்டி, காம்பை ஈரப் பாசியில் பொதிந்து, மூங்கில் கூடைகளில் அடுக்கி மலை ரயிலில் அனுப்புவது என்று பேசி முடித்தார்கள். மாலைக்குள் கோயமுத்தூர் வந்துவிடும். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் நின்றால் மறுநாள் சாயங்காலம் சரியான பதத்தில் இருக்கும்.

ஊர் திரும்பியதும் அவள் கருமத்தம்பட்டியில் பெண் வீட்டுக்கும் போனாள். டீ பார்ட்டிக்குப் பெண் உடுத்தப்போகும் சேலையோடு பூ நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்த ஒரு ரோஜாவைச் சேலையின்மேல் வைத்துப் பார்த்தாள். பொருத்தமாகத்தான் இருந்தது.

பெண்ணின் பெயர் தாயாரு. பதினெட்டு வயது. அகலமான முகம், சற்றுக் கனத்த குரல், நகத்தைக் கடிக்கிற பழக்கம். அவளும் அவள் அம்மாவும் மரியாதையாக உட்காரவைத்துப் பலகாரம் கொடுத்தார்கள். பங்காரு புது இடம் என்பதால் ராமாமணியின் கையைப் பிடித்துக்கொண்டு மடியை ஒட்டியே நின்றது. தாயாருவின் அம்மா குழந்தையைப் பார்த்து, பாவம் என்று சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஏனுங்க அம்மணி, உங்க அக்கா காச்சல்லதானுங்களே தவறிப்போனது?"

அந்தக் கேள்வியை ராமாமணி எதிர்பார்க்கவில்லை. தாயாரு நகத்திலிருந்து வாயை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தாள். குழந்தையின் கை அவள் கைக்குள் வேர்த்திருந்தது.

"ஆமாங்க," என்றாள் ராமாமணி.

தாயாருவின் அம்மா பெருமூச்சுவிட்டு இன்னொரு லட்டை எடுத்துக் குழந்தை கையில் வைத்தாள். வண்டியில் திரும்பும்போது ராமாமணி தான் சொன்ன அந்த ஒரு வார்த்தையையே நினைத்துக்கொண்டிருந்தாள். பங்காரு பாதி லட்டைத் தின்றுவிட்டு மீதியை அவள் வாயில் வைக்கப் பார்த்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வரலட்சுமி காய்ச்சலில் சாகவில்லை. பங்காரு பிறந்தபோதே பிரசவம் சிக்கலாகிவிட்டது. அடுத்தது என்றால் ஆஸ்பத்திரியில்தான் பார்க்க வேண்டும் என்று லேடி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஆனால் இரண்டாவது பிரசவத்தின்போது, எங்கள் வம்சத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் யாரும் பிள்ளை பெற்றதில்லை என்றாள் வெங்கம்மாள். உக்கடத்திலிருந்து மருத்துவச்சியை வரவழைத்தார்கள். வலி கண்டு ஒரு பகலும் ஒரு ராத்திரியும் போயிற்று. மறுநாள் உச்சி வேளையில், ரத்தம் நிற்கவில்லை, என்னால் ஆகாது, எடுத்துப்போங்கள் என்று மருத்துவச்சியே சொன்னாள். அன்று அமாவாசை, ராகு காலம் வேறு. கழியட்டும் என்றாள் வெங்கம்மாள்.

பங்களா போர்ட்டிகோவில் கார் நின்றிருந்தது. டிரைவர் கண்ணையா சீட்டில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். அக்காவுக்குத் துணையாக இருந்த ராமாமணி மாடிப்படியில் இறங்கி ஓடிவந்து, ராமுலுவிடம், பாவா, வண்டியை எடுக்கச் சொல்லுங்கள் என்று கெஞ்சினாள். அவன் கதவருகில் நின்றான். அம்மாவைப் பார்த்தான். வாய் திறக்கவில்லை. ராகு காலம் கழிந்து, பிறகு ஏதோ சாந்தி செய்து, கடைசியில் வண்டியை எடுத்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. ரேஸ்கோர்ஸ் திருப்பத்தில், ராமாமணியின் மடியில் தலையை வைத்தபடியே வரலட்சுமி அடங்கிவிட்டாள். குழந்தையும் வயிற்றோடு போயிற்று.

ராமுலு குடிப்பவனோ அடிப்பவனோ இல்லை. யாரையும் குரல் உயர்த்திப் பேசமாட்டான். மில் ஆட்கள்கூட நல்ல மனுஷர் என்றுதான் சொல்வார்கள். அவனிடம் இருந்த குறைக்கு ஒரு பேர் சொல்லத் தெரியாமல்தான் ராமாமணி இத்தனை நாளும் பேசாமல் இருந்தாள்.

கல்யாணத்துக்கு முதல்நாள் மழை பிடித்துக்கொண்டது. மத்தியானம் வஹீதிடமிருந்து தந்தி வந்தது. கல்லாற்றுக்கு மேலே மண் சரிந்து ரயில் ஓடவில்லை, பூ குன்னூரிலேயே இருக்கிறது என்று இருந்தது. ராமாமணி பங்களாவின் பின்கட்டில் பூ வைக்க இடம் தயார் செய்துகொண்டிருந்தாள். செம்புத் தவலைகளில் தண்ணீர் நிரப்பி, ஜன்னல்களுக்கு நனைத்த சாக்கு கட்டியிருந்தாள். மில்லில் நூல் சுற்றும் பகுதியில் வேலை பார்க்கும் தெய்வாத்தாளை உதவிக்கு அனுப்பியிருந்தார்கள். அவள் செண்டு கட்டுவதற்கான நூலைப் பிரித்து வெட்டிக்கொண்டிருந்தாள். தந்தியைப் பார்த்ததும் ராமாமணிக்கு ஒருவிதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது. கடைவீதியில் கிடைக்கிற பன்னீர் ரோஜாவையும் மல்லிகையையும் வைத்துச் சமாளித்துவிடலாம் என்று நினைத்தாள்.

அதை ராமுலுவிடம் போய்ச் சொன்னாள். அவன் முகம் மாறிவிட்டது. தந்தியை வாங்கி இரண்டு தடவை படித்தான். துரைகளிடமெல்லாம் சொல்லியாகிவிட்டதே என்றான். பிறகு வேகமாகப் போர்ட்டிகோவுக்குப் போனான். ராமாமணி பின்னாலேயே போனாள்.

மாப்பிள்ளை அழைப்புக்காகக் காரைக் கழுவித் துடைத்து, முகப்பில் மாவிலை கட்டி வைத்திருந்தார்கள். வெங்கம்மாள் அங்கேதான் நின்றிருந்தாள். ராமுலு கண்ணையாவைக் கூப்பிட்டு, ரோடு திறந்திருக்கிறது, உடனே குன்னூர் போய்க் கூடைகளை ஏற்றிக்கொண்டு வா என்றான். வெங்கம்மாள் திடுக்கிட்டாள். மாப்பிள்ளை ஏறவேண்டிய வண்டி, முகூர்த்தத்துக்கு முந்தி இந்த மழையில் மலையேறுவதா, அதுவும் இந்த வேளை கெட்ட வேளையில் என்றாள். நாளைக்கு வேறு காரை வரவழைத்துக்கொள்கிறேன் என்றான் அவன். அவள் மறுபடியும் ஆரம்பித்தாள்.

"அம்மா, நீங்க சும்மா இருங்க," என்றான் ராமுலு. "கண்ணையா, வண்டிய எடு."

அவன் குரலை உயர்த்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னான். வெங்கம்மாள் வாயை மூடிக்கொண்டாள். கண்ணையா மாவிலையைப் பிய்த்துப் படியில் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினான். கேட்டைத் தாண்டும்போது அவன் ஒரு கணம் திரும்பி ராமாமணியைப் பார்த்தான். அவனும் அந்த மத்தியானத்தை மறந்திருக்கமாட்டான்.

ராமாமணி அங்கேயே நின்றாள். மழைச்சாரல் அடித்ததுகூடத் தெரியவில்லை. சொன்னால் வண்டி போகும் என்பது அவனுக்கு அன்றும் தெரிந்திருக்கிறது. இரண்டு வார்த்தைதான். அம்மாவுக்கு ஒன்று, டிரைவருக்கு ஒன்று. அவன் அவளைப் பார்த்து, பூ வந்துவிடும், கவலைப்படாதே என்றான். அவள் உள்ளே போய், தவலைகளின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தெய்வாத்தாள் என்னம்மா என்று கேட்டதற்கு, தலைவலி என்றாள்.

அன்று சாயங்காலமே கருமத்தம்பட்டிக்குப் போய்த் தாயாருவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு ஜட்கா வைத்தால் போய்விடலாம். எழுந்துகூட நின்றாள். அப்போது பங்காரு வந்து, மீந்துபோன நூலால் தன் பொம்மைக்குத் தலை பின்னித் தரச் சொன்னது. அவள் மறுபடி உட்கார்ந்து பின்னத் தொடங்கினாள். போகவில்லை.

மறுநாள் காலை கல்யாணக் கோஷ்டி கருமத்தம்பட்டி போய், முகூர்த்தம் நடந்துகொண்டிருந்த நேரத்தில் கார் வந்து சேர்ந்தது. வஹீதும் கூடவே வந்திருந்தார். வண்டியெல்லாம் சேறு. கூடைகள் பின்சீட்டில் நெருக்கி அடுக்கப்பட்டிருந்தன. காருக்குள் அடைபட்ட சூட்டில் பாதிப் பூக்கள் முழுசாக விரிந்துவிட்டன. சிலவற்றின் இதழ் ஓரம் கன்றிப் பழுப்பேறியிருந்தது. வஹீது மிகவும் வருத்தப்பட்டார்.

"நாம நெனச்ச மாதிரி வரலீங்கம்மா. இருக்கறத வெச்சுத்தான் பாக்கணும்," என்றார்.

ராமாமணி கைவேலையில் இறங்கிவிட்டாள். காம்புகளைத் தண்ணீருக்குள் வைத்தே சாய்வாக நறுக்கினாள். கன்றிப்போன வெளியிதழ்களைக் கிள்ளி எடுத்தாள். மொட்டாக நின்றவற்றைக் கோட்டுப் பூவுக்கு ஒதுக்கினாள். ஒரு மொட்டு, பின்னால் ஒரே ஒரு இலை, காம்பில் நூல் சுற்றி ஒரு குண்டூசி. தெய்வாத்தாள் சுற்றச்சுற்ற வஹீது அவற்றை ஈரத்துணி விரித்த தாம்பாளத்தில் வரிசையாக வைத்தார். பாதி விரிந்தவற்றில் நல்லதாகத் தேர்ந்தெடுத்துச் செண்டுக்கு வைத்துக்கொண்டாள். முழுசாக விரிந்த பூக்கள் ஜாடியில் நிற்காது; தலை தொங்கிவிடும். அவற்றைக் காம்பு ஒட்ட வெட்டி, பங்களாவிலிருந்த பித்தளை உருளிகளில் தண்ணீர் நிரப்பி மிதக்கவிட்டாள். சுற்றிலும் தோட்டத்து மெல்லிய தழையை வைத்தாள். மான்செஸ்டரில் அப்படி வைப்பார்களோ என்னவோ, வெள்ளை விரிப்பின்மேல் பார்க்க நன்றாக இருந்தது.

செண்டைக் கடைசியாகக் கட்டினாள். முள்ளைச் சீவி, பூக்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்துப் பிடித்து, நூலை இழுத்து முடிந்து, காம்புகளுக்கு ஈயத்தாள் சுற்றினாள். கை தன்பாட்டுக்குச் செய்தது. தாலி கட்டி முடிந்திருக்கும், இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது.

மூன்று மணிக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் பங்களாவுக்கு வந்து சேர்ந்தார்கள். தாயாருவை மாடி அறைக்கு அழைத்துப்போய், சேலை மாற்றிவிட்டு, சற்று நேரம் இருக்கட்டும் என்று எல்லோரும் இறங்கிவிட்டார்கள். ராமாமணி செண்டை எடுத்துக்கொண்டு மேலே போனாள். பங்காருவும் கூடவே வந்தது.

தாயாரு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். செண்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். எப்படிப் பிடிக்க வேண்டும் என்று ராமாமணி காட்டிக்கொடுத்தாள். அவள் அதைக் கவனிக்கவில்லை.

"இந்த ரூம்லதான் அவுங்க இருந்தாங்களாக்கா?" என்று கேட்டாள்.

ராமாமணி ஆமென்றாள்.

"அன்னைக்கு எங்கம்மா கேட்டப்ப நீங்க ஆமான்னு சொன்னீங்க. எனக்கென்னவோ அது நெசமாப் படலீங்க. அம்மாகிட்டச் சொன்னேன். அதெல்லாம் நோண்டாதேன்னு சொல்லிட்டாங்க."

ராமாமணி பங்காருவிடம், கீழே போய்த் தெய்வாத்தாளுக்குப் பூத் தாம்பாளத்தைப் பார்த்துக்கொள்ள ஒத்தாசை செய் என்று சொல்லி அனுப்பினாள். குழந்தை படியிறங்கும் சத்தம் ஓயும்வரை காத்திருந்தாள். பிறகு சொன்னாள். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மருத்துவச்சி சொன்னது, அமாவாசை, போர்ட்டிகோவில் நின்ற கார், ரேஸ்கோர்ஸ் திருப்பம் எல்லாவற்றையும் சொன்னாள். நேற்று அதே கார் பூவுக்காக மலையேறிப் போனதையும் சொன்னாள். கருமத்தம்பட்டியில் தான் பொய் சொன்னது குழந்தைக்காக என்றும், முந்தின நாள் சாயங்காலம் கிளம்பி வர நினைத்தும் வராமல் இருந்துவிட்டதாகவும் சொன்னாள்.

தாயாரு அழவில்லை. மூச்சு மட்டும் வேகமாக வந்தது. செண்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து ஜன்னலண்டை போனாள்.

"ஆஸ்பத்திரி எந்தப் பக்கமுங்க?"

ராமாமணி கையை நீட்டிக் காட்டினாள்.

"கார் சாவி யாருகிட்ட இருக்கும்?"

"கண்ணையாகிட்ட. ஆனா பாவா சொல்லாம எடுக்க மாட்டாரு."

"அப்ப ஜட்கா?"

"ரயில்வே கேட்டுக்கிட்ட எப்பவும் நிக்கும். ஆனா வலி வர்ற வரைக்கும் இங்க இருக்காத, கண்ணு. ஏழாம் மாசமே உங்க ஊட்டுக்குப் போயிரு. தலப்பிரசவம், யாரும் தடுக்க முடியாது. வலி வந்தா உங்கண்ணன கூட்டிக்கிட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துரு. யாரு வாயத் தொறப்பாங்கன்னும் பாத்துக்கிட்டு நிக்காத."

தாயாரு தலையை ஆட்டினாள். அப்போதுதான் இருவரும் கதவுப் பக்கம் பார்த்தார்கள். வெங்கம்மாள் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. அவள் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. கலெக்டர் வந்துவிட்டார், பெண்ணை அழைத்து வா என்று மட்டும் சொன்னாள்.

தோட்டத்தில் மின்சார பல்புகளைச் சரமாகத் தொங்கவிட்டிருந்தார்கள். பெங்களூரிலிருந்து வந்த சமையல்காரர்கள் கேக்கை அறுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். மெஷின் கம்பெனித் துரை ஒருவரின் மனைவி உருளியில் மிதந்த ரோஜாக்களைக் குனிந்து முகர்ந்து பார்த்து, யார் செய்தது என்று கேட்டாள். ராமுலுவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தன் கோட்டுக்கான பூவை எடுத்துக்கொண்டு ராமாமணியிடம் வந்து, எப்படிக் குத்துவது என்று கேட்டான். அவள் ஊசியை வாங்கிக் குத்திவிட்டாள்.

"ரொம்ப நல்லாச் செஞ்சுபோட்டே," என்றான். "வண்டி மட்டும் நேரத்துக்குப் போகலீன்னா அவ்வளவுதான்."

"ஆமாங்க பாவா," என்றாள் ராமாமணி. "நீங்க சொன்னதும் போச்சு. சொன்னாப் போற வண்டிதானுங்க அது."

ராமுலு சிரிக்கப் பார்த்தான். பிறகு அவன் முகம் வெளுத்துப்போயிற்று. ஏதோ சொல்ல வாயெடுத்தான். யாரோ துரை தோளைத் தட்டிக் கூப்பிட்டார். அவன் திரும்பிப் போனான். அந்தப் பார்ட்டி முடியும்வரை அவன் சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தான். ஆனால் அவன் கை அடிக்கடி கோட்டுப் பூவைத் தொட்டுத் தொட்டு மீண்டதை ராமாமணி பார்த்தாள். தாயாரு அவன் பக்கத்தில் செண்டைப் பிடித்துக்கொண்டு நேராக நின்றாள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கூட்டம் கலைந்தது. சென்னப்ப நாயுடு மகளையும் பேத்தியையும் அழைத்துப்போக வில்வண்டி கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். ராமாமணி பங்காருவைத் தேடினாள். குழந்தை வெங்கம்மாளின் இடுப்பில் இருந்தது.

"பூவுக்கு ரொம்ப ஒபகாரம், அம்மணி. கொழந்த இனிமே இங்கதான் இருக்கும்," என்றாள் வெங்கம்மாள்.

நீங்கள் வாக்குக் கொடுத்தீர்களே என்றாள் ராமாமணி.

"வாக்கு பூவுக்குத்தான் குடுத்தேன். மாடில பேசுன பேச்சுக்கு இல்ல."

சென்னப்ப நாயுடு முன்னால் வந்து பேசப் பார்த்தார். ராமுலு சற்றுத் தள்ளித் தூணருகில் நின்றிருந்தான். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். பங்காரு கையை நீட்டிக்கொண்டு 'பின்னி' என்று அழ ஆரம்பித்தது. ராமுலு குழந்தையைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான். தகப்பன் வீட்டில் இருக்கிற குழந்தையைப் பிடுங்கிப்போக யாருக்கும் உரிமை இல்லை. ராமாமணி குழந்தையின் கன்னத்தைத் துடைத்துவிட்டு வண்டியில் ஏறினாள். கேட் வரைக்கும் அழுகைச் சத்தம் வந்துகொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு பங்களாவில் அவளைச் சேர்க்கவில்லை. நோம்பி, பண்டிகை என்று வந்தால் அப்பா மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருவார். தெய்வாத்தாள் ஞாயிற்றுக்கிழமை வந்தால் சேதி கிடைக்கும். முதல் சில வாரம் குழந்தை சாப்பிடாமல் அழுதது, காய்ச்சல் வந்தது, தாயாருதான் ராத்திரியெல்லாம் தூக்கிக்கொண்டு நடந்தாள் என்று சொன்னாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகிவிட்டதாம். தாயாருவின் கட்டிலிலேயே படுத்துக்கொள்கிறதாம். அதைக் கேட்டு ராமாமணிக்கு ஆறுதலாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. பேசாமல் இருந்திருந்தால் பங்காரு தன்னிடம் இருந்திருக்கும் என்று எண்ணாத நாள் இல்லை. பேசியது தப்பு என்றும் அவளால் நினைக்க முடியவில்லை.

மறுவருஷம் தாயாரு உண்டாகியிருக்கிறாள் என்று கேள்விப்பட்டாள். பிரசவம் நம் வீட்டிலேயே நடக்கட்டும் என்று வெங்கம்மாள் சொன்னாளாம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று தாயாரு ஒரே பிடியாக நின்றாளாம். ஏழாம் மாசம் வளையல் போட்ட கையோடு கருமத்தம்பட்டி கிளம்பிவிட்டாள். நான் இல்லாமல் குழந்தை தூங்காது என்று பங்காருவையும் கூட்டிக்கொண்டாள். வலி கண்டதும் அவள் அண்ணன் ஒரு லாரியில் மெத்தை போட்டு ஏற்றி நேராகக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்துவிட்டான். பிள்ளை குறுக்கே நின்றிருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு பேரும் இல்லை என்று லேடி டாக்டர் சொன்னாளாம். ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். ஆண் குழந்தை.

தாயாருவே ஆளனுப்பி ராமாமணியை வரச்சொல்லியிருந்தாள். அவள் கொஞ்சம் குடகு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். வராந்தா பெஞ்சியில் ராமுலு உட்கார்ந்திருந்தான். முகம் மழிக்காமல் கிடந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான். உள்ளே இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள் என்றான். அவள் தலையசைத்துவிட்டுப் போனாள்.

தாயாரு வெளுத்துக் கிடந்தாள். கனத்த குரல் மட்டும் அப்படியே இருந்தது. அவள் ராமாமணியின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. கட்டிலின் தலைமாட்டில் பங்காரு நின்றிருந்தது. உயரமாக வளர்ந்து, பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது. தம்பிக்கு ஈ வராமல் ஒரு துணியால் வீசிக்கொண்டிருந்தது.

"பின்னிகிட்டப் போ, கண்ணு," என்றாள் தாயாரு.

பங்காரு வந்தது. ராமாமணி ஒரு ஆரஞ்சை உரித்துக் கொடுத்தாள். குழந்தை அதை வாங்கிக்கொண்டு, வாயில் போடாமல் திரும்பிப் பார்த்து, "அம்மா, உங்களுக்கு?" என்று கேட்டது. தாயாரு வேண்டாமென்றதும்தான் தின்றது. பிறகு ராமாமணியை ஏறிட்டுப் பார்த்தது.

"நீங்க நாளைக்கும் வருவீங்களா?" என்று கேட்டது. முன்னெல்லாம் அது அவளை 'நீ' என்றுதான் சொல்லும்.

வருகிறேன் என்றாள் ராமாமணி. குழந்தை சந்தோஷமாகத் தலையை ஆட்டிவிட்டு, தம்பியிடம் போய் மறுபடி வீசத் தொடங்கியது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா என்ன சேதி என்று கேட்டார். பையன் கனமாக இருக்கிறான், தாய்க்கு இனிப் பயமில்லை என்று சொன்னாள். பங்காரு எப்படி இருக்கிறாள் என்று கேட்டதற்கு, நல்லா வளர்ந்துவிட்டாள் என்றாள். அவள் கைகால் கழுவிக்கொண்டு அடுப்பு மூட்டப் போனாள்.